இடது பக்கத்து மரங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக் கேள்வி கேட்கக் கூடாது. இந்தக் கதை எனக்கு ஒரு சோற்றுத் தட்டிலிருந்து கிடைத்தது.

கண் காட்டுவதற்காகக் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். மதியம் கன்டீனில் எனக்கு எதிர் மேசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பேசிய தமிழைக் கேட்டதும் நம் மலைப் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தது. அவன் விரலிடுக்கில் ஒட்டிக் கறுத்திருந்த ரப்பர் பாலைப் பார்த்ததும் என்ன வேலை செய்கிறவர்கள் என்பதும் தெரிந்தது. அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். வலது மணிக்கட்டில் செபமாலை சுற்றியிருந்தது.

அவள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். ஆனால் தட்டின் வலது பாதியை மட்டும். நடுவில் யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல மறு பாதிச் சோறு அப்படியே இருந்தது. மீன் துண்டும் அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது.

"முடிஞ்சிருச்சுங்க. இன்னைக்கு மீன் வைக்கலையா?" என்று கேட்டாள்.

அவன் தட்டைப் பிடித்து அரைச்சுற்றுச் சுற்றி வைத்தான். இப்போது மீன் அவள் வலது பக்கத்துக்கு வந்துவிட்டது.

"அட, இருக்கே," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

நான் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவர்கள் பெயர் என்ன, எந்தத் தோட்டம், அந்தப் பெண் இப்போது இருக்கிறாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என்னையறியாமல் என் தட்டையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். "என்ன, கிறுக்கு முத்திருச்சா?" என்றாள் என் மனைவி. மறுநாள் எழுத உட்கார்ந்தேன்.

(வாசகருக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறேன், அவளுக்கு வலது பக்கமாக. தயவுசெய்து இடம் மாறாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அரநாயக்க மலைகளின்மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த விடியற்காலையில்..."

அடித்துவிட்டேன். அரநாயக்க என்று எழுதினாலே நம் வாசகர் மண் சரிவதற்குக் காத்திருப்பார். அந்த ஊர் ஒரு மண்சரிவில் பட்டது போதும், என் கதைக்காகவும் படவேண்டாம். கேகாலையிலிருந்து ஒரு பஸ்ஸில் போய் இறங்கி, கொஞ்சம் நடக்கவேண்டிய ஒரு ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடக்கம்: "அந்தத் தலைவலி முதலில் ஒரு சின்னப்..."

இதையும் பாதியில் விட்டேன். மூளையில் கட்டி என்றால் தலைவலியில் தொடங்கவேண்டும் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இவளுக்குத் தலைவலியே வரவில்லை. வந்திருந்தால் பனடோல் போட்டிருப்பாள், போட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்பென்சரிக்குப் போயிருப்பாள். வலி வராததுதான் இந்தக் கதையில் நடந்த முதல் கெடுதல்.

பெயர்களிலும் தடுமாறினேன். முதலில் இந்திரகுமார், சுகந்தினி என்று வைத்து நாலு பக்கம் எழுதிய பிறகுதான் செபமாலை ஞாபகத்துக்கு வந்தது. ஆகவே அவன் ஸ்டீபன், அவள் ரோசலின். பழைய பெயர் எங்காவது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(பிள்ளைகள் இல்லையா என்று கேட்பீர்கள். சரோன் என்று ஒரு மகள், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். போனில் வருவாள், அழுவாள், வைப்பாள். அவளைக் கதைக்குள் கொண்டுவந்தால் ஸ்டீபன் தன் பாரத்தில் பாதியை அவள் தலையில் ஏற்றிவிடுவான். அதனால் அவளை அங்கேயே வைத்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிச் சில கொடுமைகள் செய்ய நேர்கிறது.)

3

ஸ்டீபனும் ரோசலினும் ஒரே மலையில் பால் வெட்டுகிறவர்கள். தேயிலை மட்டுமே தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ரப்பர் மரத்தின் பட்டையில் கத்தியால் சரிவாக ஒரு கோடு சீவினால் பால் வடியும், கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் சேரும். வெயில் ஏறினால் பால் நின்றுபோகும், ஆகவே விடியும்போதே வெட்டவேண்டும். ஒவ்வொருவருக்கும் இன்னின்ன நிரைகள் என்று மரங்களைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டு நிரைக்கு நடுவில் ஒரு பாதை போகும். அதில் நடந்துகொண்டே இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம் என்று வெட்டிக்கொண்டு போவார்கள்.

இருவரில் கை அவளுக்குத்தான் சுத்தம். பட்டையைக் காயப்படுத்தாமல் தாள் சீவுவதுபோலச் சீவுவாள். "ஒங்க மரமெல்லாம் குடிச்சிட்டு சண்ட போட்டவன் மொகம் மாதிரி இருக்கு," என்று அவனைச் சீண்டுவாள். அவன் சிரிப்பான். அவள் கெட்டிக்காரி என்பதில் அவனுக்குப் பொறாமை இல்லை, பெருமைதான். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்யவில்லை. தட்டைத் திருப்பிய கையில் அது இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள் இராமசாமிக் கங்காணி ஸ்டீபனைத் தனியே கூப்பிட்டார்.

"ஸ்டீபனு, ஒன் வீட்டுக்காரிக்கு கண்ணாடி போடணும்போல. மரமெல்லாம் வெட்டாம கெடக்கு."

"அப்படி இருக்காதுங்க கங்காணி."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? போயி பாரு."

போய்ப் பார்த்தான். பாதையின் வலது பக்கம் ஒரு மரம் விடாமல் பால் வடிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு மரத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை, சிரட்டைகள் காய்ந்து கிடந்தன. முதலில் அவனுக்கு வந்தது கோபம். முந்தின நாள் சின்னதாக ஒரு வாய்த்தகராறு நடந்திருந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று நினைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "ஏன் ரோசு, இடது பக்கம் வெட்டாம வந்துட்ட?"

"எந்த இடது பக்கம்? எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான வர்றேன்."

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும், அது அவனுக்குத் தெரியும். காது சிவக்கவில்லை. அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தான். வலது பக்கம் படிய வாரியிருந்தது. இடது பக்கம் படுத்தெழுந்த கோலத்திலேயே இருந்தது. அவனுக்குப் பயம் வந்தது.

பயம் வந்தவன் என்ன செய்யவேண்டும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சொல்வேன். நாம் இரண்டு பேரும் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். பால் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் தொடர்ந்தால், இவளுக்கு முடியவில்லை என்று நிரைகளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் கை பட்ட மரங்கள் அவை. ஸ்டீபன் மறுநாள் தன் மரங்களை அவசர அவசரமாக வெட்டிவிட்டு, அவள் பாதைக்கு ஓடி, அவள் விட்டுப்போன இடது பக்கத்தை வெட்டி, அந்தப் பாலையும் அவள் கணக்கில் சேர்த்தான். அடுத்த வெட்டுக்கும் அப்படியே செய்தான். அவள் பால் குறையவில்லை. கங்காணி திருப்தியாகத் தலையாட்டினார்.

4

(இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இது நல்லபடியாக முடிகிற பகுதி, அதனால்தான்.)

ஒருநாள் ரோசலின் கத்தி தீட்டும் கல்லைப் பாதையின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேலே வரைக்கும் வெட்டிக்கொண்டு போனவள், கல்லைத் தேடி அதே வழியாகத் திரும்பி இறங்கினாள். வழியில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க. இத்தன மரம் வெட்டாம கெடக்கு. யாரு வேல இது?" என்று கத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.

பின்னால் வந்த ஸ்டீபன் நின்று பார்த்தான். விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. ஏறும்போது இடது பக்கம் இருந்த மரங்கள் இறங்கும்போது அவளுக்கு வலது பக்கம் வந்துவிட்டன. திரும்பி நடந்தால் போதும்.

அடுத்த வெட்டிலிருந்து அவளிடம், "போன வழியிலேயே எறங்கி வா ரோசு. மறு பக்கம் சறுக்குது, வாளியோட விழுந்துருவ," என்றான். அவளும் சரி என்றாள். ஏறும்போது ஒரு நிரை, இறங்கும்போது மறு நிரை. ஒரு மரம் தப்பவில்லை. அவன் ஓடி ஓடி வெட்டவேண்டிய வேலையும் போய்விட்டது. அன்றைக்கு ஸ்டீபன் சந்தோஷமாக இருந்தான். பால் ஸ்டோரில் எல்லோரிடமும் வலியப் போய்ப் பேசினான். வீட்டுக்குப் போகும்போது யாராவது பனிஸ் ரொட்டியில் பாதி கேட்டிருந்தால்கூட முழுசாகக் கொடுத்திருப்பான்.

இந்தச் சந்தோஷத்தை மூன்று முறை வெட்டி எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் கதை நிற்கவில்லை. அவன் அலட்சியமாக இருந்தான் என்று எழுதினால் நமக்கு வசதி, அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் போய்விடலாம். அவன் அலட்சியமாக இல்லை. வேறு எவனுக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து மனைவியைக் காப்பாற்றினான். அவன் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியதால்தான் ஈஸ்டர் வந்தது, போனது, மழை வந்தது, போனது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டில் அவன் தட்டைத் திருப்பத் தொடங்கியதும் அப்போதுதான்.

5

மழை விட்ட ஒரு காலையில் ரோசலின் வாளியோடு விழுந்தாள். இடது கை இழுத்தது, பிறகு முகம், பிறகு உடம்பு முழுதும். பால் சரிந்து இலைச்சருகுக்குள் வெள்ளையாக ஓடியது. ஸ்டீபன் அவள் வாயில் நுரை வருவதைப் பார்த்தான். தூக்கினான். யாரோ த்ரீவீல் கொண்டுவந்தார்கள். கேகாலையில் சில நாள், அங்கிருந்து அம்பியூலன்ஸில் கொழும்பு, ஸ்கேன். மூளையின் வலது பக்கம், பின்னால், ஒரு கட்டி.

(வலது பக்கத்து மூளைதான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். எழுதுவதற்காக ஒரு டாக்டர் நண்பரிடம் கேட்டேன். கண் சரியாகத்தான் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றாது என்றார். இல்லாததை எப்படித் தேடுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.)

டாக்டர் ஓர் இளம்பெண். கடுமையில்லாமல்தான் பேசினாள். ஒரு தாளைக் கொடுத்துப் பூ வரையச் சொன்னாள். ரோசலின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, வலது பக்கம் மட்டும் இதழ்களை அடுக்கிவிட்டு, "சரியா இருக்கா நோனா?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டீபனிடம் திரும்பினாள்.

"கவதா இந்தலத?"

எப்போதிருந்து என்று அர்த்தம். ஸ்டீபனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி அவனுக்கு நன்றாகவே விளங்கியது.

"போன கெழமதான் நோனா. விழுந்ததுக்குப் பொறகுதான்," என்று, ஒரு வாரம்தான் ஆகிறதுபோல, அவனும் சிங்களத்திலேயே சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னான்? இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்து ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். பிறகு என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவரும் தோட்டத்து ஆள்தான். காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்குப் போனால் எத்தனை நாளாக என்று கேட்பார்கள், இவர் எப்போதும் "நேத்துலருந்து" என்பார். நாலு நாள் என்றால், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த ஏச்சு விழும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டால் குறைத்துச் சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கையில் வந்த பழக்கம். யோசித்துச் செய்வதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

6

இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் கஷ்டமான விஷயம் இனித்தான் வருகிறது. என் டாக்டர் நண்பரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். தவக்காலத்திலேயே கூட்டிப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?

"இந்த வகைக் கட்டியா இருந்தா, பெரிய வித்தியாசம் வந்திருக்காது. சில மாசம் கூடக் குறைய இருந்திருக்கலாம். முடிவு இதேதான்," என்றார்.

ஆக, இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டீபனுக்குத் தெரியாது. அவன் இந்தக் கேள்வியைத் தன் டாக்டரிடம் கேட்கவேண்டுமென்றால் தவக்காலத்தைச் சொல்லவேண்டும். தவக்காலத்தைச் சொன்னால் பொய்யைச் சொல்லவேண்டும். அவனைத் தேற்றக்கூடிய ஒரே பதிலின் வாசலில் அவனே குறுக்கே நிற்கிறான். நான் கதைக்குள் போய் அவன் காதில் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரு வரி எழுதினேன்: "அப்போது வார்டில் இருந்த ஒரு பெரியவர் அவனிடம்..." எந்தப் பெரியவர்? எங்கிருந்து வந்தார்? வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

7

மண்டையைத் திறந்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு கரண்ட் பிடித்தார்கள், அதாவது கதிர்ச் சிகிச்சை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை ஒன்றை மாட்டி, மேசையோடு சேர்த்து இறுக்கி, அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். "மீன் மாதிரி வலையில மாட்டிட்டாங்க," என்றாள் ரோசலின். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இடது பக்கம் உதிர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வார்டில் ஒரு காலை. அவள் பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"ஏங்க, யாரோ கைய இங்க வச்சிட்டுப் போயிட்டாங்க. அருவருப்பா இருக்கு. எடுக்கச் சொல்லுங்க."

அது அவளுடைய இடது கை. போர்வைக்கு மேலே கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "அனே பவ்," என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டீபன் போய் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டான்.

"என் கைதான் ரோசு. தெரியாம வச்சிட்டேன்."

"அதான பாத்தேன். சொரசொரன்னு இருக்கு," என்று சமாதானமாகிக் கண்ணை மூடினாள்.

இதை எழுதிவிட்டு நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். அவன் அந்தக் கையை அவள் தூங்கும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் அவன் கைக்கு வந்தது. குளிப்பாட்டினான், உடுத்திவிட்டான், மாத்திரை கொடுத்தான், நடக்கப் பழக்கினான். கங்காணி சொல்லி அவனுக்கு வீட்டுக்குப் பக்கத்து மரங்களைக் கொடுத்திருந்தார்கள். வெட்டிவிட்டு ஓடிவருவான். அதுவரை பக்கத்து லயத்து வீட்டுச் சின்னம்மா என்கிறவள் பார்த்துக்கொள்வாள். சின்னம்மா ஒருநாள் இடது பக்கமிருந்து, "ரோசலினு, கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்க, ரோசலின் வலது பக்கம் திரும்பி, அங்கிருந்த தண்ணீர் பீப்பாயிடம், "வேணாங்க்கா, இப்பத்தான் டீ குடிச்சேன்," என்றாளாம். சத்தம் அவளுக்குக் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பேசுகிறவர் வலது பக்கத்தில்தான் இருப்பார். சின்னம்மா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டீபனுக்கும் அவளுடைய இடது பக்கத்தில்தான் ஒரு இடம் கிடைத்தது. அவளுக்கு வலது பக்கம் போனால் அவன் புருஷன். சிரிக்கவேண்டும், "ஒனக்கென்ன, நல்லா தேறிட்ட," என்று சொல்லவேண்டும். இடது பக்கம் போய்விட்டால் அவன் அங்கே இல்லை. அங்கே உட்கார்ந்து முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சத்தம் வராமல் அழலாம். ஒரு முழ தூரத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, தனியாக இருக்கலாம். அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலை நினைத்து அவனுக்கே அவன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

அவள் கேட்பது ஒன்றுதான். "என் நெரைய யாருக்கும் குடுக்கலையே?"

"இல்ல. ஒனக்காகத்தான் வச்சிருக்காங்க."

"இல உதிருற காலம் முடியட்டும். தளிர் விட்டதும் வந்துருவேன்னு கங்காணிகிட்ட சொல்லிருங்க."

"சொல்லிட்டேன்."

அவள் நிரையில் இப்போது வேறொரு பெண் வெட்டுகிறாள். ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், எல்லோரையும்போல் ஒரே நடையில் இரண்டு பக்கமும்.

8

கட்டி திரும்ப வந்துவிட்டது. கடைசியாக எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஸ்டீபனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். இனி வெட்டுவதில் பலன் இல்லை, கரண்டும் பிடிக்க முடியாது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். "அவங்களுக்கு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டாள். நான் சொல்கிறேன் நோனா என்றான். வெளியே ரோசலின் பெஞ்சில் உட்கார்ந்து, "என்ன சொன்னாங்க?" என்றாள். "பசிக்குதா? வா, சாப்பிடுவோம்," என்றான்.

அதன் பிறகுதான் கன்டீன். அதன் பிறகுதான் நான் பார்த்த தட்டு.

இதுவரைக்கும் ஒருமாதிரி வந்துவிட்டேன். முடிவில்தான் மாட்டிக்கொண்டேன். சொல்கிறானா, இல்லையா? சொன்னால் எதையெல்லாம் சொல்கிறான்?

முதல் முடிவில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவி, "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்றாள். படித்துப் பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். ஆனால் அந்த வரியை அவளுக்காக எழுதவில்லை, எனக்காக எழுதினேன். சாகப்போகிறவளிடம் போய் மன்னிப்பு வாங்கிவரும் அவசரம் என்னுடையது. கிழித்துப்போட்டேன்.

இரண்டாவது முடிவில் அவன் சொல்லவே இல்லை. தளிர் விட்டது. அவள் படுக்கையில் விழுந்தாள், பேச்சு நின்றது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறு வெட்டு நாளில் ஸ்டீபன் அவளுடைய பாதையில் ஒரு நிரையைப் பார்த்துக்கொண்டே ஏறி, மறு நிரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். அனேகமாக நிஜத்தில் இப்படித்தான் நடக்கும். நன்றாகவும் எழுதியிருந்தேன். ஆனாலும் அது மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதில் ரோசலின் எதையும் கேட்கவில்லை. மீன் எங்கே என்று கேட்டவள் இதைக் கேட்காமல் போவாளா?

மூன்றாவது: "அன்று இராமசாமிக் கங்காணி வீட்டுக்கு வந்து, அவளுடைய நிரையைப் பற்றி..."

வேண்டாம். அடுத்தவன் வாயால் உடைப்பது கோழைத்தனம்.

9

ஆகவே கடைசியாக இப்படி.

மத்தியானம். லயத்து முன்வாசல். ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, சருகு வாசல்வரை பறந்து வந்து கிடக்கிறது. ரோசலின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு. சோறு, கீரை, சின்னம்மா கொடுத்தனுப்பிய கருவாடு. வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். ஸ்டீபன் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறான். வலது பக்கம் ஒரு கதிரை இருக்கிறது. அதில் நீங்கள் இருக்கிறீர்கள்.

"நுனியில தளிர் தெரியுதுங்க," என்கிறாள் அவள். "இனி கங்காணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

ஸ்டீபன், அவள் பார்க்காத அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டே பேசுகிறான்.

"ரோசு. ஒன் நெரைய குடுத்துட்டாங்க. வேற ஆளு வெட்டுது. கட்டி மறுபடியும் வந்திருச்சு. இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு டாக்டர் நோனா சொல்லிட்டாங்க." காலடிச் சருகை விரலால் நொறுக்குகிறான். "தவக்காலத்துலயே எனக்குத் தெரியும். நீ ஒரு பக்கத்து மரத்தப் பூரா விட்டுட்டு வந்த. நான்தான் வெட்டுனேன். பொறகு ஒன்ன அந்த வழியிலயே திருப்பி நடக்க வச்சேன். எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட போன கெழமன்னு சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு ரோசு."

அவளுக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை, அது முகத்தில் தெரிகிறது. கையிலிருந்த கடைசிக் கவளத்தைத் தட்டிலேயே வைக்கிறாள். மெதுவாகத் தலையைத் திருப்புகிறாள், வலது பக்கமாக. அங்கே கதிரையில் ஆள் இருக்கிறது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உங்களைப் பார்க்கிறாள். கண் கலங்கியிருக்கிறது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்கிறாள். "என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

நான் இதுவரைக்கும்தான் எழுதியிருக்கிறேன். ஸ்டீபன் எழுந்து சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துவிட்டால் போதும், கொஞ்சத் தூரம்தான். எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், அவன் எழவில்லை. குனிந்து சருகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனுடைய இடம் காலியாக இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் அவனுக்குப் பதிலாகச் சொல்லலாம். டாக்டர் நண்பர் சொன்னது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்ல மாட்டேன் என்று பேசாமலும் இருக்கலாம், அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே குனிந்துவிடுவாள். அல்லது எழுந்து, அந்தக் கதிரையை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம். நான் எதையும் சொல்லமாட்டேன்.

எதைச் செய்வதாக இருந்தாலும், முதலில் அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். கருவாடு அந்தப் பக்கம் இருக்கிறது.